ஏரிக்கரையில் ஒட்டிய சிவப்பு அம்பு

அந்தத் தண்ணீர் பாட்டில் நீல நிறம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு வார், மூடியில் பாதி தேய்ந்த யானைப் படம், வயிற்றுப் பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு. பிளாஸ்டிக் வெளுத்துப்போய்விட்டது, அம்பு மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஏப்ரலில் பசங்களுக்குப் பரீட்சை முடிந்த சாயங்காலம், எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அத்தையின் மகள் இந்தப் பாட்டிலைப் படமெடுத்துப் போட்டாள். கீழே எழுதியிருந்தாள்: "லீவுக்கு எல்லாரும் ஏலகிரி ஏரிக்குப் போலாமா? பாட்டிலை நான் எடுத்துட்டு வர்றேன்." என் வீட்டுக்காரர் உடனே சரி என்று பதில் போட்டார். பசங்கள் போட்டில் யார் ஓரத்தில் உட்காருவது என்று அப்போதே சண்டை ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது. ஏரிக்கரையில் பொழுதுபோக்கப் போகிறவள் வழியில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போவாள். இருபது வருஷத்துப் பழைய பாட்டிலைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துப் படமெடுத்துப் போடுகிறாள் என்றால் அவள் போவது பொழுதுபோக்க இல்லை.

நான் சந்தேகப் பிராணி என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாகாயத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சந்தேகப்பட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் இந்த வழக்கம் ஆபீசில் வந்ததல்ல, அத்தையிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அப்பாவின் தங்கை. போன வருஷம் மழைக்காலத்தில் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு பழைய கதைகளை எடுத்தபோது, யாரோ ஒருவர் இந்த அம்புக் கதையையும் எடுத்தார். "பொண்ணு பார்க்க வந்தவன்கிட்ட இன்னா குறைன்னு பார்த்தா, கொழந்தைதான் குறைன்னு அது பாட்டில்லயே ஒட்டிட்டாளே, எமகாதகி!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் பாதி சிரித்தேன். இலை எடுத்துக்கொண்டிருந்த அத்தையின் மகள் சிரிக்கவில்லை. அந்தக் கதையில் வரும் குழந்தை அவள்தான். அத்தை அவளைப் பெற்றவள் அல்ல, வளர்த்தவள்.

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்த பிறகு, பாட்டில் படம் வந்ததும் எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் பாப்பா என்று கூப்பிட்டே வளர்த்த அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு வருஷமாகிறது. தன்னைக் குறை என்று சொல்லித்தான் அம்மா தன் அப்பாவை ஏற்றுக்கொண்டாளா என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். கேட்க அத்தை இல்லை. என் அப்பாவும் இல்லை. என் அம்மா அந்த நேரத்தில் அங்கே நிற்கவில்லை. அம்பு ஒட்டப்பட்டபோது கூடவே உட்கார்ந்திருந்து பார்த்தவள் உயிரோடு இருப்பது நான் ஒருத்தி. அவள் அப்பாவும் இருக்கிறார்தான். ஆனால் அவர் சாட்சி செல்லாது. அது ஏன் என்று பிறகு வருகிறேன்.

அத்தை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூக்களைக் கடைசியாகப் பார்க்கும் மேஜை அவளுடையது. வேலை இப்படித்தான் நடக்கும்: பார்க்காத ஜோடிகள் வலது பக்கம் குவிந்திருக்கும். ஒரு ஜோடியை எடுத்து, நுனி, குதிகால், தையல், உள்பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எங்காவது பசை பிதுங்கியிருந்தால், தையல் தாண்டியிருந்தால், அந்த இடத்தைத் தொடுகிற மாதிரி ஒரு சிவப்பு அம்பை ஒட்டி எதிரே இருக்கும் டிரேயில் வைப்பாள். அது ரீவர்க்குக்குப் போகும், சரிசெய்து திரும்ப வரும். சரிசெய்யவே முடியாத ஷூவுக்கு அம்பு கிடையாது. அது மேஜைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் விழும். நன்றாக இருக்கும் ஜோடிக்கும் அம்பு கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது, தலையாட்டல்கூடக் கிடையாது. பேசாமல் இடது பக்கம் நகர்த்திவிட்டு அடுத்ததை எடுப்பாள். கம்பெனியின் குடும்ப நாள் ஒன்றில் நானே பக்கத்தில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். அம்பை வலது கட்டைவிரல் நகத்தால் உரிப்பாள், ஒட்டியதும் நடுவிரலால் இரண்டு தரம் அழுத்துவாள்.

மிச்சம் மீதி அம்புகள் வீட்டுக்கும் வரும். பக்கத்துக் கடையில் வாங்கிய பருப்புப் பொட்டலத்தில் ஒன்று இருக்கும், கல் இருக்கிறது என்று அர்த்தம். என் யூனிபார்ம் பாவாடை ஓரத்தில் ஒன்று இருக்கும், மடிப்பு பிரிந்திருக்கும். அப்பா அலமாரி மேல் ஒளித்துவைத்த பீடிக் கட்டில்கூட ஒரு நாள் அம்பு இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுக் குளிக்காமலேயே வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் யாருக்கும் அத்தையின் அம்பு பிடிக்காது. அது எங்களுக்கு ஃபெயில் மார்க் மாதிரி. அம்பு விழுந்தால் அந்தப் பொருள் போச்சு, அந்த ஆள் அவமானப்பட்டுப்போனார் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். ரீவர்க் டிரே என்று ஒன்று இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் யோசித்துப் பார்த்ததில்லை. கம்பெனிக்குள் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக்குணம் இல்லை என்று அம்மா சொல்வாள். இருபத்தைந்து வயதில் ஒரு மாப்பிள்ளை முடிவாகி, தட்டு மாற்றி, பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு, அந்த ஆளுக்கு வாலாஜா பக்கத்தில் ஏற்கெனவே ஒரு குடித்தனம் இருப்பது தெரிந்தது. தெரிந்தது என்ன, ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு கடைசியாக எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அத்தை எந்தப் பேச்சுக்கும் உட்காரவில்லை. கம்பெனி பஸ்ஸில் போவாள், கம்பெனி பஸ்ஸில் வருவாள். யார் சிரித்துப் பேசினாலும் உள்ளே ஏதோ உள்குத்து இருப்பதாகவே பார்ப்பாள். முப்பத்தைந்து தாண்டியதும் சொந்தக்காரர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். அம்மா மட்டும் விடவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயது. முழுப்பரீட்சை முடிந்த வாரம், ராத்திரி சாப்பாட்டில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஞாயித்துக்கெழமை ஏலகிரி போய்ட்டு வரலாம். ஏரிக்கரையில புதுசா பார்க்கு போட்டிருக்காங்களாம், மரம், பூச்செடி, ஊஞ்சல் எல்லாம் இருக்குதாம்" என்றார். அத்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். நாங்கள் எல்லோருமே பார்த்தோம். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் தோல் ஊறவைக்கும் டிரம் பக்கம் வேலை செய்தவர். வாரம் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவர், ஞாயிற்றுக்கிழமை குளிக்கக்கூட யோசிப்பார். அவர் வாயிலிருந்து ஏரி என்றும் பூச்செடி என்றும் வார்த்தை வந்தால் எந்த வீட்டிலும் சந்தேகம் வரும்.

அன்றிலிருந்து ஞாயிறு வரை எங்கள் வீட்டில் நடந்தது சுற்றுலாத் திட்டம் இல்லை, விசாரணை. அத்தை நேராக ஒன்றையும் கேட்க மாட்டாள், ஓரத்திலிருந்து தொடங்குவாள். என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தலைவாரிக்கொண்டே கேட்டாள்.

"உங்கப்பா போட்ல ஏறுவாராமா?"

"ஏறுவாராம்."

"தண்ணின்னாலே பேஜாருன்னுவாரே. சரி, புளிசாதம் எத்தினி பேருக்குக் கிண்டறாங்க?"

"தெரில அத்த. பெரிய டப்பா எடுத்து வெச்சிருக்காங்க."

"நம்ம நாலு பேரு. நாலு பேருக்கு இன்னாத்துக்குப் பெரிய டப்பா?"

அடுத்த நாள் அம்மா அத்தையின் மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். காற்றில் சேலை பறக்கும், போட்டில் தண்ணீர் தெறிக்கும், யாராவது பட்டு கட்டிக்கொண்டு போவார்களா என்று அத்தை கேட்டாள். "சும்மா பெட்டியிலயே கெடக்குதே, ஒரு நாளைக்குக் கட்டினா இன்னா?" என்று அம்மா சொன்ன குரல் அத்தனை இயல்பாக இருந்தது. அப்படி இயல்பாகப் பேசினால் அம்மா எதையோ மறைக்கிறாள் என்று எனக்கே தெரியும். இன்னொரு பக்கம் அப்பா, பதினோரு மணிக்குள் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு போட் ஓடாதா என்று அத்தை கேட்டாள். ஓடும், ஆனால் கூட்டம் ஜாஸ்தி ஆகிவிடும் என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை அம்மாவை அடுப்படியில் மடக்கினாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. யாரு வர்றாங்க அங்க?"

அம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டே, "ஒடுகத்தூர்க்காரரு. சம்சாரம் எறந்து ரெண்டு வருஷமாவுது. கொழந்த குட்டி இல்லியாம். அவரும் ஷூ கம்பெனிதான். வீட்டுக்கு வரச் சொன்னா நீ உக்கார மாட்டே. அதான், எதேச்சையா பார்த்த மாதிரி" என்றாள்.

"என்னைத் தள்ளிவிடணும்னு முடிவு பண்ணிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"யாரு தள்றது? உன் வீடு இது."

"அப்ப என்கிட்டே சொல்லிட்டுச் செய்ய வேண்டியதுதானே."

அத்தை வரமாட்டாள் என்று நான் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் கிளம்பி நின்றாள். மாம்பழக் கலர்ப் பட்டு இல்லை, கம்பெனிக்குக் கட்டிப்போகும் ஊதாப் பூப்போட்ட நைலக்ஸ் புடவை. தோளில் கம்பெனிக்குக் கொண்டுபோகும் அதே பை. அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாணியம்பாடியில் இறங்கி மலைக்குப் போகும் பஸ்ஸில் மாறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பெரிய புளிசாத டப்பா அம்மா மடியிலிருந்து அத்தை மடிக்கும், அத்தை மடியிலிருந்து அம்மா மடிக்கும் சாய்ந்துகொண்டே வந்தது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

ஏரிக்கரையில் புங்க மரத்துக்குக் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். பின்னாளில் நான் மாமா என்று கூப்பிட்டவர். வெளிர்நீலச் சட்டை, கஞ்சி போட்ட மடிப்பு கலையவில்லை. பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. அப்பா அவரை எதேச்சையாகப் பார்த்துவிட்டதாக நடித்தார். அப்பா அளவுக்கு மோசமாக நடிக்கிறவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. "அட, நீங்களா!" என்று அவர் கத்தியதில் பக்கத்தில் இருந்த குடும்பமே திரும்பிப் பார்த்தது. பிறகு அவரும் அம்மாவும் போட் டிக்கெட் வாங்கப் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். பேசிக்கொள்ள இடம் கொடுக்கிறார்களாம். தனியாக விட்டால் நன்றாக இருக்காது என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

இருவரும் கம்பெனிகளைப் பற்றிப் பேசினார்கள். அவர் லாஸ்டிங் பகுதியில் வேலை செய்வதாகச் சொன்னார், தோலை அச்சில் இழுத்து ஷூ உருவத்துக்குக் கொண்டுவரும் இடம். பசை நாற்றம் தலைவலி கொடுக்கிறது என்றார். அத்தை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். பேச்சு நின்றபோது அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்தார். ஒவ்வொரு சுளையாகப் பிரித்து, வெள்ளை நாரை எடுத்து, சுளையைக் கீறிக் கொட்டையை வெளியே எடுத்து, கைக்குட்டையில் வரிசையாக அடுக்கினார். எங்களிடம் நீட்டினார். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். அவர் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. நான் எடுத்த பிறகு மிச்சத்தைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். அடிக்கடி எங்கள் தலைக்கு மேலே எங்கோ பார்த்தார். அத்தை திரும்பவில்லை. அவர் கண் போகிற போக்கைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு எடுத்தபோது பையின் வாய் திறந்துகொண்டது. உள்ளே நீல நிறத்தில், வார் போட்ட, யானைப் படம் போட்ட ஒரு சின்ன பாட்டில் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அத்தை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மரங்களுக்கு அந்தப் பக்கம் ஊஞ்சல்கள். அவர் முகஜாடையில், தங்கை போலிருக்கிறது, ஒரு பெண் நின்று தள்ள, ஊஞ்சலில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தை எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. அத்தை திரும்பி உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் வரவில்லை. கம்பெனி மேஜையில் பார்த்த அதே முகம். பையைத் திறந்து அம்பு ரோலை எடுத்தாள். கட்டைவிரல் நகத்தால் ஒன்றை உரித்தாள். எழுந்து நின்று, குனிந்து ஒட்டினாள், இரண்டு தரம் அழுத்தினாள். "வா, போலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

போட்டில் ஏறாமலேயே மலை இறங்கினோம். அப்பாவுக்கு விஷயம் பஸ்ஸில்தான் தெரிந்தது. ஒரு மனுஷன் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருகிறாயே, அவன் இன்னா செருப்பா என்று அடிக்குரலில் கத்தினார். அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "கொழந்த இருக்கறது உனக்குத் தெரியுமா அண்ணா?" தெரியாது, நடுவில் பேசியவன் குழந்தை இல்லை என்றுதான் சொன்னான் என்றார் அப்பா. அவர் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு வளைவு முழுக்கக் கடந்துவிட்டது. அந்த ஒரு வளைவு நேரம் அவர் எதற்காக எடுத்துக்கொண்டார் என்று அத்தைக்கும் புரியவில்லை, எனக்கும் இன்றுவரை புரியவில்லை. எனக்கு என் அப்பாவை ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் என்னால் அவரை முழுசாக நம்ப முடியவில்லை.

அந்தச் சம்பந்தம் முடிந்துபோனது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் அவர் வந்து நின்றார். அதே வெளிர்நீலச் சட்டை. கையைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கவுன். குழந்தை கழுத்தில் நீலப் பாட்டில், அதில் சிவப்பு அம்பு. அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டே, "அது ஏதோ தெரியாம பண்ணிட்டா, மனசுல வெச்சிக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. உள்ளே நின்ற அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "ரீவர்க்குப் போட்டீங்க. சரி பண்ணி எடுத்தாந்திருக்கேன், பார்த்துக்குங்க."

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது விளங்கவில்லை. அத்தைக்கு விளங்கியது: ஒளித்ததைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார். வெளியே வந்து குழந்தையின் முன்னால் உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள், நகம் பார்த்தாள், கவுனின் ஓரத்தைத் திருப்பி மடிப்புத் தையலைப் பார்த்தாள். குழந்தையைத் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்கவில்லை. பிறகு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தையைத் தூக்கித் தன் இடது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்று அவரைக் கூப்பிட்டாள். அம்மாவுக்கு அன்று ரொம்ப வருத்தம். ஒரு பச்சைக் குழந்தையிடம் சிரித்து ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பெனி மேஜையைப் பார்த்திருந்த எனக்கு மட்டும் அந்த இடது பக்கம் புரிந்து உள்ளுக்குள் என்னவோ துள்ளியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வார்கள்.

அத்தையின் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் குழந்தையின் பாட்டிலில் அம்பைப் பார்த்தார்கள். ஏரிக்கரையில் அத்தை யாருக்கோ அம்பு ஒட்டினாள் என்பது அதற்குள் ஊர் சுற்றியிருந்தது. இரண்டையும் சேர்த்து அவர்களே ஒரு கதை செய்துகொண்டார்கள். அத்தை மறுக்கவில்லை. எதையும் விளக்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. விளக்குகிறவனிடம் ஏதோ தப்பு இருக்கிறது என்பது அவள் கட்சி. பாப்பாவுக்குச் சடை போட்டாள், ஸ்கூலுக்கு அனுப்பினாள், அவள் வாங்கி வந்த ஒவ்வொரு பொருளையும் திருப்பிப் பார்த்தாள், படிக்கவைத்தாள், கல்யாணம் செய்துவைத்தாள். இந்த ஒன்றை மட்டும் சொல்லாமலேயே போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வருவது இங்கேதான்.

படம் வந்த மறுநாள் நான் பாப்பாவுக்குப் போன் செய்தேன். ஏரி வேண்டாம், வெயில் கொளுத்தும், வேலூர்க் கோட்டைக்கே போகலாம், லாங் பஜாரில் பசங்களுக்குத் துணி எடுத்த மாதிரியும் இருக்கும் என்று என்னென்னமோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏங்கா, ஏரி வேணான்றதுக்கு இத்தினி காரணம் சொல்றே?" என்றாள். வளர்த்தவளின் பெண் அப்படியே. நானே உடைத்துக் கேட்டேன், பாட்டில் விஷயம்தானே, உங்கப்பாவைக் கேட்க வேண்டியதுதானே என்று.

"கேட்டேன். அவரு சட்டையிலதான் ஒட்டுச்சாம். ஊஞ்சல்கிட்ட வந்தப்போ நான்தான் அத உரிச்சி பாட்டில்ல ஒட்டிக்கிட்டேனாம். எனக்கு நாலு வயசு, ஒண்ணும் ஞாபகம் இல்லை."

"அப்புறம் இன்னா?"

"எங்கப்பா எனக்காகப் பொய் சொல்லுவாருக்கா. நான் ஒருத்தி இருக்கறதையே இல்லைன்னு ஒரு தடவ சொன்ன ஆளு."

அவர் சாட்சி ஏன் செல்லாது என்று முன்பு சொன்னேனே, அது இதுதான். நான் பார்த்ததை அப்போதே சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் தடுத்தாள். "போன்ல வேணாம். நீயும் எனக்குப் பாவம் பார்த்துச் சொல்லுவே. அங்க வந்து சொல்லு." ஏலகிரிக்குப் போவதற்குள் நான் அந்த வாக்கியத்தை மனசுக்குள் நூறு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்தது. உண்மையைச் சொல்லப் போகிறவள் ஒத்திகை பார்ப்பாளா? அம்பு சட்டையில்தான் இருந்ததா, அல்லது இந்தப் பெண் அழக்கூடாது என்று என் புத்தி அதைச் சட்டைக்கு மாற்றிக்கொண்டதா? மஞ்சள் பையும் பாட்டிலும் சட்டைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தன.

ஏரியில் இப்போது தண்ணீர் கம்மி. ஊஞ்சல்களை மாற்றிவிட்டார்கள். சிமெண்ட் பெஞ்ச் மட்டும் அதே பெஞ்ச், புங்க மரம் பெருத்திருந்தது. மாமாவையும் பாப்பா கூட்டி வந்திருந்தாள். சாப்பாடு வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க மறந்துவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். என் சின்னவன் மணலில் விழுந்து வந்தான், அவன் முட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாப்பா, "அக்கா, இந்தா பிடி, டக்குனு" என்று என் கையில் எதையோ திணித்தாள். அத்தையின் தையல் மெஷின் டிராயரில் கிடந்த அம்பு ரோல். பெஞ்சில் மாமாவை உட்காரவைத்திருந்தாள், பக்கத்தில் ஒரு பை, பையின் வாயில் நீலப் பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. "அம்மா ஒட்டின மாதிரி ஒட்டு. யோசிக்காதே."

என் கையில் மணலும் ஈரமும். நகத்தால் ஒன்றை உரித்தேன். குனிந்தேன். பாட்டிலை என் கண் பார்த்தது, ஆனால் கை அந்தப் பக்கம் போகவில்லை. மாமாவின் சட்டைப் பைக்கு மேலே, நுனி அவர் வாயைப் பார்க்கிற மாதிரி ஒட்டி, நடுவிரலால் அழுத்தினேன். இன்னொரு தரம் அழுத்தினேன். அந்த இரண்டாவது அழுத்தலை நான் ஒத்திகையில் யோசித்திருக்கவே இல்லை. மாமா தலை குனிந்து அம்பைப் பார்த்தார். "இதேதான்மா" என்றார்.

"நீ சும்மா இருப்பா" என்றாள் பாப்பா. அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. என் முகத்தை, கையை, மறுபடி முகத்தை. அத்தை ஷூவைத் திருப்புகிற மாதிரியே பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை என்று சொல்லத் தோன்றியது. விளக்கினால் சந்தேகப்படுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். என் கை ஞாபகத்தில் போனதா, பாசத்தில் போனதா என்று எனக்கே இப்போதும் சத்தியம் செய்யத் தெரியாது. அவள் பையிலிருந்த பாட்டிலை எடுத்தாள். அதிலிருந்த பழைய அம்பை உரிப்பாள் என்று நினைத்தேன். உரிக்கவில்லை. மூடியைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள், வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், என் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.